குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காதவர்களின் வம்சத்தை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். உங்கள் கணவர் நியூஜெர்சிக்காரர். மாமியார் காலமான பிறகு அவருடைய பெட்டியில் கையால் வரைந்த வம்சப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் உச்சியில் ‘ஒபதியா ஹோம்ஸ், பாப்டிஸ்ட் போதகர், நியூபோர்ட், ரோட் ஐலண்ட்’ என்று இருக்கிறது. அடுத்த வரியில் ‘ஜோனதன், மிடில்டவுன்’. ஓரத்தில் ‘ஆபிரகாம் லிங்கன் நமக்குச் சொந்தம்’ என்றும் எழுதியிருக்கிறார். மூன்று மாதமாக நியூபோர்ட் சபைகளின் பதிவேடுகளைத் தேடியும் ஒபதியாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற பதிவு ஒன்றும் கிடைக்கவில்லை, அது எங்கே இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி பதிவேட்டைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். மாமியார் எழுதிவைத்தது உண்மையா, உங்கள் பிள்ளைகளிடம் நம்பிச் சொல்லலாமா என்பதுதான் அது. நியூ இங்கிலாந்தில் ஒரு நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். இதே போன்ற படங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் அங்கே என் வேலை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் தேடும் பதிவேடு கிடைக்காததற்குக் காரணம் உங்கள் தேடலில் இல்லை. நம் ஊர் சி.எஸ்.ஐ. சபையிலோ கத்தோலிக்க ஆலயத்திலோ குழந்தை பிறந்த சில வாரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு, சபை என்றால் பிறப்புப் பதிவு இருக்கும் என்ற நினைப்பு. ஆனால் பாப்டிஸ்டுகள் பாப்டிஸ்டுகள் ஆனதே குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததால்தான். வளர்ந்து, தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே தண்ணீரில் முழுக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே அவர்கள் சபைப் புத்தகத்தில் ஒருவர் பெயர் இருபது வயதிலோ ஐம்பது வயதிலோ ஏறலாம். தகப்பன் பெயர் இருக்காது. சிலர் கடைசிவரை முழுக்கு எடுக்காமலே ஆராதனைக்கு வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இடம்பெறாது. எந்த நம்பிக்கைக்காக ஒபதியா 1651-ல் சவுக்கடி பட்டாரோ (அந்தக் கதை கீழே வரும்), அதே நம்பிக்கையால்தான் அவர் வழி வந்தவர்களுக்குச் சபைப் பிறப்புப் பதிவு இல்லாமல் போனது.

சரி, அப்படியானால் எங்கே தேடுவது? அவர்கள் பாப்டிஸ்டாக ஆவதற்கு முந்தைய பதிவுகளில், அவர்களைத் தண்டித்தவர்களின் ஏடுகளில், அப்புறம் நிலத்திலும் உயிலிலும். ஒபதியாவின் வாழ்க்கையைக் கொண்டே இதைக் காட்டலாம்.

அவர் இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ரெடிஷ் என்ற ஊர்க்காரர். 1610 மார்ச் 18-ம் தேதி டிட்ஸ்பரி சிற்றாலயத்தில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபை எழுதிவைத்த பதிவு அது. 1630-ல் மான்செஸ்டரில் கேத்தரின் ஹைட் என்ற பெண்ணை மணந்தார். அதுவும் திருச்சபைப் பதிவுதான். 1638 வாக்கில் கடல் கடந்து மாசசூசெட்ஸ் காலனியின் சேலத்துக்கு வந்து, கண்ணாடி செய்யும் தொழிலில் சேர்ந்தார். அங்கே அவர் இருந்தது குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில். அதனால் மார்த்தா, சாமுவேல், இளைய ஒபதியா ஆகிய பிள்ளைகளின் பெயர்கள் சேலம் சபைப் பதிவேட்டில் 1640-களின் தொடக்கத்தில் வருகின்றன. அதன் பிறகு குடும்பம் பிளிமத் காலனியின் ரெஹோபத் ஊருக்குப் போனது. அங்கே போதகர் சாமுவேல் நியூமனோடு கருத்து வேறுபாடு முற்றி, 1649-50 வாக்கில் ஒபதியாவும் இன்னும் சிலரும் தனியாகப் பிரிந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் எதிர்பார்க்கும் வகைப் பதிவு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்கு நாம் காணும் பிறந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை, வேறு ஆவணங்களில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டவை.

அதே நேரத்தில் இன்னொரு வகை ஏடு தொடங்குகிறது. 1650-ல் பிளிமத் நீதிமன்றம் ஒபதியாவையும் கூட்டாளிகளையும், தனியாகக் கூடி ஆராதனை நடத்துகிறார்கள் என்று அழைத்து விசாரித்தது. யார் யார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று பெயரோடு எழுதிவைத்தார்கள். அந்தச் சிறு சபை தானாக ஒரு உறுப்பினர் பட்டியல் எழுதியிருந்தால்கூட இவ்வளவு காலம் தப்பியிருக்குமோ என்னவோ, நீதிமன்ற ஏடு தப்பியது. அந்தக் காலனியின் நீதிமன்றப் பதிவுகள் 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே அச்சாகிவிட்டதால் இன்று வீட்டில் இருந்தே படிக்கலாம்.

அப்புறம் 1651. அதற்குள் நியூபோர்ட்டுக்குக் குடிபோயிருந்தார். அந்த ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகர் டாக்டர் ஜான் கிளார்க், ஜான் கிராண்டல் இருவரோடும் மாசசூசெட்ஸின் லின் ஊருக்குப் போனார். வில்லியம் விட்டர் என்ற வயதான, பார்வை போன பாப்டிஸ்ட் ஒருவரைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். அவர் வீட்டில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே கைது செய்தார்கள். கிளார்க்குக்கு 20 பவுண்டு, கிராண்டலுக்கு 5, ஒபதியாவுக்கு 30 பவுண்டு அபராதம். கட்டாவிட்டால் சவுக்கடி. நண்பர்கள் பணம் கட்ட முன்வந்தும், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒபதியா மறுத்துவிட்டார். செப்டம்பரில் பாஸ்டன் தெருவில் முப்புரிச் சவுக்கால் முப்பது அடி. அடித்து முடித்ததும் அதிகாரிகளைப் பார்த்து, ரோஜாக்களால் அடித்தது போல இருந்தது என்றார். இந்த விவரம் அவரே லண்டனிலிருந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, வில்லியம் கிஃபின் என்ற பாப்டிஸ்ட் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கிளார்க் அதை 1652-ல் லண்டனில் அச்சிட்டார். அடிபட்டு வந்தவரின் கையைப் பிடித்து வாழ்த்தியதற்காக ஜான் ஸ்பர், ஜான் ஹேசல் என்ற இருவரையும் பிடித்தார்கள். ஹேசல் அறுபது வயது தாண்டியவர், சில நாளில் இறந்துபோனார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும். ஆனால் வம்சம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹேசல் ரெஹோபத்காரர், ஒபதியாவோடு அங்கே பிரிந்து வந்தவர்களில் ஒருவர். கை குலுக்கிய குற்றத்துக்காகப் பதிவான பெயர், இரண்டு குடும்பங்களின் பழக்கத்துக்கு இன்று நமக்குக் கிடைக்கும் சாட்சி. பாப்டிஸ்ட் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கூட்டமாகவே ஊர் மாறியவர்கள். ஒருவரை மட்டும் தேடாமல் அவரைச் சுற்றியிருந்த பத்துக் குடும்பங்களையும் சேர்த்துத் தேடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

கிளார்க் இங்கிலாந்து போன பிறகு ஒபதியா நியூபோர்ட் சபையின் போதகர் ஆனார். 1682 அக்டோபரில் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்று ரோட் ஐலண்டின் மிடில்டவுன் ஊருக்குள் வருகிறது.

உங்கள் படத்தில் இரண்டாவது வரியில் இருக்கும் ‘மிடில்டவுன்’ என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். இந்தக் குடும்பத்துக்கு இரண்டு மிடில்டவுன் உண்டு. ஒன்று, நான் மேலே சொன்ன ரோட் ஐலண்ட் மிடில்டவுன். அது 1743-ல்தான் நியூபோர்ட்டில் இருந்து தனி ஊராகப் பிரிந்தது. அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் பத்திரமெல்லாம் நியூபோர்ட் கணக்கில் இருக்கும். மற்றொன்று நியூஜெர்சியின் மான்மத் மாவட்டத்தில் உள்ள மிடில்டவுன். 1665-ல் ஆளுநர் ரிச்சர்ட் நிக்கல்ஸ் மான்மத் நிலத்துக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தபோது, அதைப் பெற்ற பன்னிரண்டு பேரில் ஒபதியா ஹோம்ஸும் ஒருவர். லாங் ஐலண்டின் கிரேவ்செண்டில் இருந்த ஜான் பௌனும் ஒருவர். இந்த பௌன்தான் ஒபதியாவின் மகள் லிடியாவை மணந்தவர். கிரேவ்செண்ட் ஊரே டெபோரா மூடி என்ற சீமாட்டி நிறுவியது. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததால் மாசசூசெட்ஸில் இருக்க முடியாமல் போனவர் அவர். ஒபதியா பட்டயத்தில் பெயர் கொடுத்தாலும் நியூபோர்ட்டிலேயே இருந்துவிட்டார். மகன் ஜோனதன் நியூஜெர்சிக்குப் போனார், பிறகு திரும்பி வந்து 1713-ல் நியூபோர்ட்டில் இறந்தார். அவருடைய மகன்கள் மான்மத்திலேயே தங்கினார்கள். ஆக, தகப்பனின் உயில் ஒரு காலனியிலும் பிள்ளைகளின் நிலம் இன்னொரு காலனியிலும். இணையத்தில் உலவும் வம்சப் படங்களில் இந்த இரண்டு ஊரும் எத்தனையோ இடங்களில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு குடும்பத்துக்குத் தவறான மிடில்டவுனைக் காட்டி, அவர்கள் ஒரு கோடைகாலம் முழுவதும் வீணாக அலைந்தார்கள். அன்றிலிருந்து காலனி பெயர் இல்லாத ஊர்ப்பெயரை நான் குறித்துக்கொள்வதே இல்லை.

எந்த ஆவணம் எங்கே இருக்கும் என்பதும் காலனிக்குக் காலனி மாறும். ரோட் ஐலண்டில் உயிலும் நிலப்பத்திரமும் அந்தந்த ஊர் அலுவலகத்தின் பொறுப்பு, மாவட்ட அளவில் கிடையாது. மாசசூசெட்ஸில் மாவட்டம். நியூஜெர்சியில் காலனிக் கால உயில்கள் மாகாண அளவில் சேர்க்கப்பட்டு, இன்று ட்ரெண்டனில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் சுருக்கங்கள் அச்சிலும் வந்திருக்கின்றன. எல்லைகளும் அசைந்தன. பிரிஸ்டல், டிவர்ட்டன், லிட்டில் காம்ப்டன், வாரன் போன்ற இடங்கள் 1747 வரை மாசசூசெட்ஸ் கணக்கு, பிறகுதான் ரோட் ஐலண்ட்.

நியூபோர்ட் பதிவேடுகளுக்கு நேர்ந்த ஒரு பெருங்கேட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புரட்சிப் போரின்போது பிரிட்டிஷ் படை 1779-ல் நியூபோர்ட்டை விட்டுப் போகையில், ஊர்ப் பதிவேடுகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. நியூயார்க் அருகே ஹெல் கேட் நீரிணையில் அந்தக் கப்பல் மூழ்கியது. ஏடுகளை வெளியே எடுத்தார்கள். ஆனால் ஊறிப்போன தாள்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பின. தப்பியவை நியூபோர்ட் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. பல பக்கங்களில் பாதி வரிதான் படிக்க முடியும். ஆகவே நியூபோர்ட்டில் ஒரு பதிவு கிடைக்கவில்லை என்றால், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இத்தனை இழப்புக்கும் நடுவில், ஒபதியாவின் உயில் விவரம் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய பாக்கியம். 1681-ல் எழுதி 1682-ல் உறுதி செய்யப்பட்ட உயில் அது. அதில் மகள்களைக் கணவர் குடும்பப் பெயரோடு சொல்கிறார்: மேரி பிரௌன், மார்த்தா ஆட்லின், லிடியா பௌன். ஹோப்ஸ்டில் டெய்லர் என்ற மகளின் பிள்ளைகளுக்கும், சாமுவேல் என்ற மகனின் பிள்ளைகளுக்கும் தனியாகப் பங்கு வைக்கிறார். ஜான், இளைய ஒபதியா, ஜோனதன் மூவரும் மகன்கள். பாப்டிஸ்ட் வம்சத் தேடலில் உயில்தான் நமக்கு ஞானஸ்நானப் பதிவேடு. தகப்பன் தன் வாயாலேயே ‘இவள் என் மகள், இன்னார் மனைவி’ என்று சொல்வதைவிட உறுதியான சாட்சி வேறு எது? 1887-ல் ஜான் ஆஸ்பர்ன் ஆஸ்டின் தொகுத்த ரோட் ஐலண்ட் வம்ச அகராதியில் இந்த உயிலின் சாரம் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அந்த அகராதியில் பிழைகளும் உண்டு, ஆனால் அவர் ஆவணத்தைப் பார்த்து எழுதிய பகுதிகளுக்கும் ஊகித்து எழுதிய பகுதிகளுக்கும் வேறுபாடு தெரியும்.

அந்தக் கால ஆங்கில உறவுச் சொற்களை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். தமிழில் அத்தை மகன், சித்தப்பா மகன், அக்காள் மகள் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் வைத்துக்கொண்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். 17-ம் நூற்றாண்டில் ‘கசின்’ என்று எழுதினால் அது உடன்பிறந்தார் பிள்ளையாகவும் இருக்கலாம். ‘சன் இன் லா’ என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். ‘பிரதர்’ என்றால் பாப்டிஸ்ட் ஏடுகளில் பெரும்பாலும் சபைச் சகோதரர்தான். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பது தகப்பன் மகனைக் குறிக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் இளையவர் என்று அடையாளம் சொல்ல வைப்பது. ஒபதியா ஹோம்ஸ் என்ற பெயரில் தாத்தா, மகன், ஜோனதனின் மகன் என்று மூன்று பேர் உண்டு. மகன் ஒபதியா நியூஜெர்சியின் தெற்கே கொஹான்சி பக்கம் போனார், பேரன் ஒபதியா மான்மத்தில் இருந்தார். இவர்களைப் பிரிக்காமல் விட்டால் ஒருவரின் மனைவி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடுவார். எழுத்தும் நிலையாக இருந்ததில்லை. லங்காஷயரில் இந்தக் குடும்பம் ‘ஹல்ம்’ என்றே எழுதப்பட்டது. அமெரிக்க ஏடுகளில் Holmes என்றும், நடுவில் உள்ள ‘l’ விடுபட்டு Homes என்றும் பலவாறு வரும். பிளிமத் பக்கம் இவர்களோடு தொடர்பே இல்லாத வேறு ஹோம்ஸ் குடும்பங்களும் இருந்தன. பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

தேதி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புது ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஒபதியாவின் ஞானஸ்நானம் பதிவேட்டில் 1609 மார்ச் என்று இருக்கும். நம் கணக்கில் அது 1610. ‘முதல் மாதம்’ என்று எழுதியிருந்தால் அது மார்ச், ஜனவரி அல்ல. தம்பி அண்ணனுக்கு முன் பிறந்தது போலவோ, உயில் எழுதியவர் அதற்கு முன்பே இறந்தது போலவோ தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இப்போது லிங்கன். உங்கள் மாமியார் ஓரத்தில் எழுதியது ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல. லிடியா ஹோம்ஸ், ஜான் பௌன் தம்பதியின் மகள் சாரா, ரிச்சர்ட் சால்ட்டரை மணந்தார். அவர்கள் மகள் ஹன்னா, மோர்டிகாய் லிங்கனை மணந்தார். இவர்கள் மகன் ஜான், அவர் மகன் கேப்டன் ஆபிரகாம், அவர் மகன் தாமஸ், அவர் மகன்தான் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன். இந்தச் சங்கிலியில் பெண் வழியாகப் போகும் முதல் மூன்று கண்ணிகள்தான் பலவீனமாக இருந்திருக்க வேண்டியவை. அங்கேயும் உயில்கள் காப்பாற்றின. ஒபதியாவின் உயிலில் லிடியா பௌன் பெயர் இருக்கிறது. ஹன்னாவின் தாய்மாமனான இளைய ஜான் பௌன் தன் உயிலில் ஹன்னா லிங்கனைத் தன் சகோதரி மகளாகச் சொல்கிறார். தாய்மாமன் சீர் என்று நாம் சொல்வது போல, அவர் எழுதிவைத்த பணம் இன்று வரலாற்றுச் சான்று. உங்கள் படம் சரி என்றால் உங்கள் கணவர் ஜோனதன் வழி, லிங்கன் ஜோனதனின் சகோதரி வழி. ஆகவே ‘சொந்தம்’ என்பது சரி, ‘லிங்கன் எங்கள் தாத்தா’ என்று பிள்ளைகள் பள்ளியில் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிங்கனின் நேர் வாரிசுகளில் கடைசியானவர் 1985-ல் இறந்துவிட்டார்.

இதே கவனம் ஜான் கிளார்க்குக்கும் வேண்டும். நியூபோர்ட் பாப்டிஸ்ட் வம்சம் தேடுகிறவர்கள் பலர் அவரையும் மூதாதையாகப் போட்டுக்கொள்கிறார்கள். 1676-ல் அவர் இறந்தபோது பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்த ஒரு மகளும் சிறுவயதிலேயே இறந்துபோனாள். அவர் சகோதரர் ஜோசப் வழியாக வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜான் பெரியப்பா முறை, மூதாதை அல்ல.

குடும்பக் கதைகளை நான் எடுத்த எடுப்பில் தள்ளுவதில்லை. ஆனால் தேதியோடு மோதவிட்டுப் பார்ப்பேன். ஒபதியா இங்கிலாந்தில் இருந்து வரும்போதே ஊசல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக அச்சிலும் பேச்சிலும் வருகிறது. அவர் வந்தது 1638 வாக்கில். ஊசல் கடிகாரத்தை ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கியது 1656-ல். கதை சொல்லும் விதத்தில் அது நடந்திருக்க முடியாது. குடும்பத்தில் பழைய கடிகாரம் ஒன்று இருந்திருக்கலாம், பின்னால் வந்த யாரோ வாங்கியிருக்கலாம், பெயர் மட்டும் மூத்தவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாமியார் பெட்டியில் இப்படிப் பொருளோடு சேர்ந்த கதைகள் இருந்தால் பொருளையும் கதையையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

இத்தனையும் மேல் முனையைப் பற்றியது. உங்கள் தேடலின் உண்மையான சிக்கல் அங்கே இல்லை. ஒபதியாவும் ஜோனதனும் நூற்றைம்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் துருவிப் பார்த்த மனிதர்கள். அவர்களுக்கு மேலே நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது கொஞ்சம்தான். நடுவில்தான் படம் அறுந்திருக்கும், 1780-க்கும் 1840-க்கும் இடையில். காரணம் இதுதான். 1850-க்கு முந்தைய அமெரிக்கக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதினார்கள். நியூஜெர்சிக்கு 1790 முதல் 1820 வரையான கணக்கெடுப்புகள் ஏறக்குறைய முழுவதுமே தொலைந்துவிட்டன. மாநிலப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1848-ல். சபையோ பாப்டிஸ்ட் சபை, குழந்தைப் பதிவு கிடையாது. நான்கு பக்கமும் இருட்டு. இதே காலத்தில் மான்மத்தில் ஹோம்ஸ் என்ற பெயரில் பல வீடுகள் இருந்தன. உங்கள் கணவரின் முன்னோர் அதில் எந்த வீடு என்பதுதான் கேள்வி.

ஆகவே மேலிருந்து கீழே இறங்காதீர்கள். மாமியாரிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழ், அவர் பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களுடைய பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் கையில் வந்த பிறகே அடுத்த படி ஏறுங்கள். 1850 கணக்கெடுப்பில் பெயர், வயது, பிறந்த மாநிலம் மூன்றும் கிடைக்கும் ஒருவரை எட்டிப்பிடித்தால், அதற்கு மேலே மான்மத் மாவட்டத் திருமணப் பதிவுகள் 1795 முதல் இருக்கின்றன. அவற்றில் மணமக்கள் பெயர் இருந்தாலும் பெற்றோர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது நிலப்பத்திரமும் உயிலும்தான். தகப்பன் இறந்து பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நிலத்தை விற்கும் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன், தம்பி, அக்காள், அவள் புருஷன் எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இந்தப் பத்திரங்களின் படங்கள் இலவசம். கையெழுத்தையே கணினி படித்துத் தேடித் தரும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. சாட்சிக் கையெழுத்தில் ஒளிந்திருந்த பெயர்கள்கூட அதில் அகப்படுகின்றன.

மிடில்டவுன் பாப்டிஸ்ட் சபை 1688-ல் அமைந்தது, நியூஜெர்சியிலேயே மிகப் பழைய பாப்டிஸ்ட் சபை. அதைப் போன்ற சபைகளின் நிகழ்ச்சிக் குறிப்புகளைப் பார்க்கும்போது பிறப்பைத் தேடாதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: முழுக்கு எடுத்த தேதி, ஒழுங்கு நடவடிக்கை, வேறு ஊர்ச் சபைக்குக் கொடுத்த மாற்றுக் கடிதம். கடைசியாகச் சொன்னதுதான் புதையல். ஒரு குடும்பம் எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனது என்று அதில் நேராகவே தெரியும். குடித்ததற்காகவோ கடன் திருப்பாததற்காகவோ சபை விசாரித்த குறிப்பும் உதவும், யார் யாருக்கு மைத்துனன் என்று அதில் சர்வசாதாரணமாக வந்துவிடும்.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சமீபத்திய நான்கைந்து தலைமுறைக்கு அது மிகவும் உதவும். ஒபதியா உங்கள் கணவருக்குப் பதினோரு தலைமுறைக்கு மேலே இருப்பார். அந்த உயரத்தில் ஒருவருக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மூதாதையர் இடங்கள் இருக்கும்; குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து மரபணுத் துண்டு எதுவும் வராமலே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆண் வாரிசு வழி இடையறாமல் வந்த ஹோம்ஸ் ஒருவர் கிடைத்தால் ஒய் குரோமோசோம் சோதனை பயன்படும். உங்கள் கணவருக்கு இது பாட்டி வழி என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே அவர் மாதிரி அதற்கு உதவாது. மாமியாரின் சகோதரர் வழியிலும் அந்தப் பெயர் இல்லை என்றால் இப்போதைக்கு அதில் பணம் போட வேண்டாம் என்பேன்.

மாமியார் வரைந்த படத்தைப் பற்றி என் கணிப்பு: ஒபதியா, ஜோனதன், மான்மத்தில் தங்கிய பேரன்மார் வரை நம்பலாம். 1850-க்குப் பிந்தைய பகுதியையும் பெரும்பாலும் நம்பலாம், அது அவருக்கு நேரில் தெரிந்த மனிதர்கள். இடையில் உள்ள மூன்று அல்லது நான்கு பெயர்களைப் பென்சிலால் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களையும், பக்கத்தில் ஆண்டு எழுதியிருந்தால் அதையும் இங்கே போடுங்கள், எல்லோரும் காலமானவர்கள்தான் என்பதால் தயக்கம் வேண்டாம். மான்மத் உயில் சுருக்கங்களில் நானும் தேடிப் பார்க்கிறேன். போடுவதற்கு முன் படத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இந்த மாதிரிப் படம் வரைகிறவர்கள் ‘இன்னார் சொன்னது’, ‘இந்த வேதாகமத்தில் இருந்தது’ என்று பின்னால்தான் பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள்.